வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் சாலை ஏன் மாறிவிடுகிறது?

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடி வட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் சாலை, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ள வரையில் ஓரளவு சமமாகவே இருக்கிறது. பாசன வாய்க்காலின் மேலுள்ள சிறுபாலத்தைக் கடந்ததும் அது ஊராட்சி ஒன்றியச் சாலை ஆகிவிடுகிறது. அங்கிருந்து தார் உரிந்து, ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்றுவிட்டால் எது பள்ளம், எது தரை என்று இருசக்கர வாகனத்தில் வருபவருக்குத் தெரியாது. ஊருக்குள் நுழைந்தபின் வரும் சிமென்ட் சாலை கிராம ஊராட்சியுடையது. அது உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசல்களைவிட உயர்ந்துவிட்டதால் மழைநீர் திண்ணை வரை ஏறுகிறது. மண்ணும் மழையும் மூன்று பகுதிக்கும் ஒன்றுதான். ஓடும் வண்டிகளும் பெரும்பாலும் அவையேதான்.

நடுப்பகுதியைச் சீரமைக்க வேண்டி மனு அளித்தோம். ஒரு அலுவலகத்தில் அது தங்கள் பதிவேட்டில் இல்லாத சாலை என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், அந்தச் சாலையை மாவட்ட இதரச் சாலையாகத் தரம் உயர்த்தக் கருத்துரு அனுப்பப்பட்டிருப்பதால் இப்போது அதில் செலவு செய்ய இயலாது என்றார்கள். தரம் உயர்த்தப் போவதாகச் சொல்லப்பட்டதாலேயே ஒரு சாலை கைவிடப்படுவது விந்தையாக இருக்கிறது. இது பணப் பற்றாக்குறை மட்டும்தானா, வேறு காரணம் உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோட்டப்பொறியாளர் (ஓய்வு):

நீங்கள் சொல்லும் சிக்கல் உங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றிய அரசின் கணக்கில் வருகின்றன, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் வருகின்றன, எஞ்சியவை உள்ளாட்சிகளுடையவை. சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை என்று பொதுமக்களே அறிந்துகொள்ளலாம். உங்கள் நடுப்பகுதியில் கல்லே இருக்காது என்று நினைக்கிறேன்.

பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியம், பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பது. புதிய சாலை போடத் திட்டம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டும் உண்டு. போட்ட சாலையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளும் தலைப்பில் வரும் தொகை எப்போதும் மெலிந்ததாகவே இருக்கும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அந்தத் திட்டச் சாலைகள் முதல் ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு காரணம். ஆறாம் ஆண்டு முதல் யார் பார்ப்பது என்ற இடத்தில் பழைய கதை திரும்பிவிடுகிறது.

கிராம ஊராட்சிகளின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. மீதமுள்ள 40 விழுக்காட்டில்தான் சாலை உட்படப் பிற தேவைகள் எல்லாம் போட்டியிட வேண்டியிருந்தது. மேலும், ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள பொறியாளர் தொகுப்பு வீடு, பள்ளிக் கட்டடம், குளம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என எல்லாவற்றையும் பார்க்கிறார். நெடுஞ்சாலைத் துறையில் ஒரு பிரிவுக்கு உதவிப் பொறியாளரும், அவருக்குக் கீழ்ச் சாலை ஆய்வாளரும் சாலைப் பணியாளர்களும் இருப்பார்கள். சாலை ஒன்றே அவர்கள் வேலை. உங்கள் வாய்க்கால் பாலத்தில் முடிந்துபோவது தார் மட்டுமல்ல, சாலையைத் தினமும் பார்க்கும் கண்ணும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கரிசல்காட்டான்:

மண் ஒன்று என்று டெல்டா நண்பர் எழுதியதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் மண்ணே முதல் சிக்கல். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலையும் அதோடு சேர்ந்து எழும்பி இறங்குவதால், தார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் விடுகிறது. அடியில் சுண்ணாம்பு கலந்து மண்ணை இறுக்குவது, நல்ல கிராவல் மண்ணைத் தேவையான கனத்துக்கு நிரப்புவது போன்ற முறைகள் பொறியாளர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் சிறிய சாலைகளுக்கான மதிப்பீட்டில் அந்தச் செலவு இடம்பெறுவது அரிது.

வண்டிகளும் எல்லாச் சாலையிலும் ஒன்றே அல்ல. காற்றாலை இறக்கைகளையும் கோபுரத் துண்டுகளையும் ஏற்றிய இழுவை வண்டிகளும், குவாரியிலிருந்து எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்களும், 3.75 மீட்டர் அகலக் கிராமச் சாலையில் ஓடுகின்றன. அவை போகும் தடம் எது என்பதை ஊரில் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.

கோட்டப்பொறியாளர் (ஓய்வு):

கரிசல்காட்டான் சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். அச்சின் மீதுள்ள பாரம் கூடும்போது சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ நான்காம் படியில் கூடுகிறது, அதாவது பாரம் இரண்டு மடங்கானால் தேய்மானம் பதினாறு மடங்காகும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பின்பற்றும் விதி இது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு இந்தியாவில் 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பாரம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் அந்த விதிப்படி தேய்மானம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. அது சட்டப்படி ஏற்றும் பாரத்துக்கே. அதிகப் பாரம் ஏற்றும் டிப்பருக்கான கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இருசக்கர வாகனங்களும் மகிழுந்துகளும் சாலையைச் சேதப்படுத்துவதில் கணக்கில் சேர்க்கும் அளவுக்குக்கூட வருவதில்லை. பள்ளத்தில் விழுந்து அடிபடுவது மட்டும் அவர்கள் பங்கு.

வெண்ணாற்றங்கரை:

எங்கள் பக்கம் டிப்பர் குறைவு. ஆனால் நடவுக் காலத்தில் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டரை வயலுக்கு வயல் தார்ச்சாலையிலேயே ஓட்டிச் செல்கிறார்கள். இரும்புப் பட்டைகள் பதிந்த தடம் வரிவரியாகத் தெரியும். அடுத்த மழையில் அந்த வரிகளிலிருந்துதான் தார் உரியத் தொடங்குகிறது. சாலையில் ஓட்டக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எச்சரிப்பது வழக்கம்தான். வயல் விட்டு வயல் போகும்போதெல்லாம் சக்கரத்தைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இல்லை. என் உறவினர்களும் இதில் விலக்கல்ல.

தாரும்ஜல்லியும்:

நான் ஒப்பந்தப் பணி செய்பவன். இந்த இழையில் இதுவரை எங்களைத் திட்டாதது வியப்பளிக்கிறது; திட்டுவதற்கு முன் சில செய்திகளைப் பதிவு செய்துவிடுகிறேன்.

தார்க் கலவை, கலவை ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் புறப்படும். சூடு 90, 100 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்திருக்க வேண்டும். அதற்குப்பின் எத்தனை முறை உருட்டினாலும் கலவை இறுகாது, உள்ளே காற்றிடைவெளி நின்றுவிடும், அதில் நீர் புகும். பத்துக் கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பணிக்கு ஆலையைப் பக்கத்திலேயே அமைத்துக்கொள்ள முடியும். ஊராட்சிச் சாலைப் பணி அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர் என்று துண்டு துண்டாக வரும். அதற்கு வேறு ஆலையிலிருந்து வெகுதொலைவு கலவை வர வேண்டும்; தார்ப்பாய் மூடி வந்தாலும் ஓரங்களில் ஆறிவிடும். பெரிய வேலைக்கு நடுவில் சிறிய வேலையைச் செருகி முடிக்கும் பழக்கமும் உண்டு. மாலை மங்கிய பின் போட்ட கலவையின் தரம் காலையில் பார்த்தாலே தெரியும். செய்த வேலைக்கான பட்டியல் (பில்) தொகை எப்போது வரும் என்று தெரியாத நிலையில், தரமான ஆட்களை யாரும் சின்ன வேலைக்கு அனுப்புவதில்லை. இதை நியாயப்படுத்தவில்லை, நடப்பது இதுதான்.

பள்ளம் அடைக்கும் பணி இன்னும் மோசம். முறைப்படி, பள்ளத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும்படி செய்து, தூசியையும் ஈரத்தையும் நீக்கி, தார்ப் பூச்சு அடித்து, கலவையைச் சற்று மேடாக நிரப்பி உருட்ட வேண்டும். நடைமுறையில் கூடையில் வந்த கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அது கழன்று வருவதற்குத் தரமற்ற தார் காரணமன்று. கீழே இருந்த தூசியோடு அது ஒட்டவே இல்லை. செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் சதுர மீட்டர் கணக்கு மட்டும் சரியாக ஏறிவிடும்.

மாம்பலவாசி:

சென்னையிலும் எல்லைக் கோடு உண்டு. அது தெருவுக்குத் தெரு மாறுகிறது. மாநகராட்சியில் பேருந்து ஓடும் சாலைகளைத் தனித் துறை பார்க்கிறது. உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகங்களின் பொறுப்பில் வருகின்றன. முன்னவை நானூறு கிலோமீட்டருக்கும் குறைவு. பின்னவை ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். சில முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடமே உள்ளன. எந்தச் சாலை நல்ல நிலையில் இருக்கும் என்பதை இந்தப் பங்கீட்டைக் கொண்டே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

வெண்ணாற்றங்கரை குறிப்பிட்ட, வாசலைவிடச் சாலை உயரும் சிக்கலை நாங்கள் பல்லாண்டுகள் பார்த்துவிட்டோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுக்கு மேல் அடுக்காகப் போட்டதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். அதன்பின் பெரிய சாலைகளில் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. உட்புறத் தெருக்களில், சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடும் புதுச் சிக்கல் ஒன்று பிறந்திருக்கிறது. சுரண்டிய தளத்தில் தெருவைவிட உயர்ந்து நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகளில் இரவில் வண்டி மோதுவது வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, சாலை வெட்டு. குடிநீர், கழிவுநீர், மின்வடம், இணைய வடம், மழைநீர் வடிகால் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தோண்டுகிறார்கள். தோண்டுபவர் மீளமைப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்; ஆனால் மண்ணை நிரப்பி இறுக்குவது யார் வேலை என்பது தெளிவாக இல்லை. இறுகாத மண்ணின் மேல் புதுத் தார் போட்டால், முதல் பருவமழையில் பள்ளம் நீளமாக, வெட்டிய அதே கோட்டில் அமிழ்கிறது. கிராமங்களிலும் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் குழாய்கள் பதித்த பின் இதே கோடுகளைப் பார்த்தேன்.

எல்லாமே மோசம் என்று சொல்லவும் மனமில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் கழிவைப் பூசிப் பின் தாரோடு கலந்து போட்ட சாலைகளில் ஒன்று நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-ல் அமைந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அது பள்ளமின்றி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த முறையை எல்லாத் தெருவிலும் ஒரே ஒழுங்கோடு பின்பற்றினார்களா என்பது வேறு கேள்வி.

சாலைப்பணியாளர் மகள்:

பொருள், இயந்திரம், ஒப்பந்தம் என்று எல்லோரும் எழுதிவிட்டீர்கள். ஆளைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் தந்தை நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். 1997-ல் பணியமர்த்தப்பட்ட சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர். 2002-ல் அரசு அவர்கள் அனைவரையும் ஒரே உத்தரவில் பணிநீக்கம் செய்தது. 2006-ல்தான் மீண்டும் பணியில் சேர்த்தார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கத்தினர் ஆண்டுக்கணக்கில் எழுப்பி வந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களின் இடங்களும் முழுமையாக நிரப்பப்படவில்லை.

அவர் செய்த வேலையைப் பார்த்தால் வெளியாருக்குப் பெரிதாகத் தெரியாது. தாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண் தடத்தை எங்கள் வீட்டில் புருவம் என்பார்கள். வண்டிகள் தள்ளிய மண்ணும் புல்லும் சேர்ந்து அது ஆண்டுக்கு ஆண்டு உயரும். அதை மண்வெட்டியால் செதுக்கி, தாரைவிடத் தாழ்வாக, பள்ளப் பக்கம் சரியும்படி விடுவார்கள். சிறுபாலத்தின் வாயில் அடைத்த செடியை வெட்டுவார்கள். கைப்பிடி அளவு பள்ளம் தெரிந்தால் அன்றே ஜல்லியும் தாரும் இட்டு இடித்து மூடுவார்கள். அவர் ஓய்வுபெற்ற பின் அந்தப் பகுதிக்குத் தனி ஆள் வரவில்லை. இரண்டு மழைக்காலத்தில் புருவம் தாரைவிட உயர்ந்துவிட்டது. நீர் வெளியேற வழியில்லாமல் சாலையிலேயே தேங்கியது. இப்போது அந்த இடத்தில் புதிய சாலை போட டெண்டர் விட்டிருக்கிறார்கள்.

கோட்டப்பொறியாளர் (ஓய்வு):

சகோதரி எழுதியது பாடப்புத்தகத்தில் உள்ளதைவிடத் தெளிவு. தார்ச்சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு என்று கொண்டால், 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடு ஏறத்தாழ 47 மி.மீ. உயரமாக இருக்கும். நீர் வடிய அது போதும். ஆனால் புருவம் விரலளவு உயர்ந்தாலும் அந்த 47 மி.மீ. பயனற்றுப் போகும். தேங்கிய நீர் விரிசல் வழியே இறங்கி ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கிறது. மேலே சக்கரம் ஏறும்போது உள்ளே சிக்கிய நீர் அழுத்தத்தோடு பீறிட்டு நுண்மண்ணையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. பள்ளம் மேலிருந்து தோன்றுவதாக நாம் நினைக்கிறோம். அதற்கு முன்பே அடியில் குழிந்திருக்கும்.

ஆனால் இதற்கு ஆள் நியமனம் ஒன்றே தீர்வு என்று நான் கருதவில்லை. பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, பின்னர்க் கிருஷ்ணகிரி, இராமநாதபுரம் போன்ற கோட்டங்களுக்கு விரிந்த செயல்பாட்டு அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம், பல நூறு கிலோமீட்டர் சாலைகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. பள்ளம் எத்தனை அடைத்தாய் என்று அங்கே கேட்பதில்லை. சாலை குறித்த தரத்தில் இருக்கிறதா என்று பார்த்தே மாதத் தொகை தரப்படுகிறது. பள்ளம் விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம் என்பதால் புருவத்தை அவரே செதுக்குவார்.

சாலைப்பணியாளர் மகள்:

ஐயா, செதுக்குவார் என்பது தாளில் உள்ளது. தரத்தைச் சோதிக்கும் அலுவலர் நேர்மையாகச் சோதித்தால் மட்டுமே அந்த ஒப்பந்தம் செல்லும். அதே நேர்மை இருந்தால் பழைய முறையும் செல்லும். ஐந்து ஆண்டு முடிந்து நிறுவனம் போய்விட்டால், அந்தச் சாலையில் எந்த இடத்தில் ஊற்று எடுக்கும், எந்தச் சிறுபாலம் அடைக்கும் என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். கிராமச் சாலைகளுக்கு எந்த நிறுவனமும் வரப்போவதுமில்லை. ஒன்றியத்துக்குப் பத்துச் சாலைப் பணியாளர்களை நியமித்தால் அதன் செலவு, ஒரு கிலோமீட்டர் சாலையைப் புதிதாகப் போடுவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் கருத்து.

கோட்டப்பொறியாளர் (ஓய்வு):

கிராமச் சாலைகளைப் பொறுத்தவரை உங்கள் கருத்தை ஏற்கிறேன். பெரிய சாலைகளில் ஏற்க இயலவில்லை.

சட்டப்பார்வை:

பொறுப்பு என்ற சொல் இங்கே பலமுறை வந்துவிட்டதால் சட்ட நிலையைச் சொல்கிறேன். 2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அது ஏற்க முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் கடிந்துகொண்டது. அடுத்த ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 198அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரநிலையைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு உச்சபட்சமே ஒரு லட்சம் என்பதைக் கவனிக்கவும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பள்ளத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தோருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் இழப்பீடு தர உத்தரவிட்டது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாட மட்டுமே உதவும்.

சுங்கச் சாலைகளில் நீதிமன்றங்கள் இன்னும் நேரடியாகத் தலையிட்டுள்ளன. மதுரவாயல்–வாலாஜா பகுதி மோசமாக இருந்ததால் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் மதுரை–தூத்துக்குடிச் சாலையின் எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடிகளில் கட்டணம் வசூலிக்க மதுரைக் கிளை தடை விதித்தது. சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

கரிசல்காட்டான்:

அந்தத் தடை நீடித்திருந்தால் நாங்கள் மகிழ்ந்திருப்போம். கட்டணம் கட்டும் சாலைக்காவது கேட்க நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் இல்லாத ஊராட்சிச் சாலைக்கு எதைப் பிடித்து நிறுத்துவது?

சட்டப்பார்வை:

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெண்ணாற்றங்கரை அவர்களின் சாலை யாருடையது என்று தெரியாததே முதல் தடை. அந்தச் சட்டத்தின் பிரிவு 6(3)-ன்படி, கேட்ட தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால் மனுவைப் பெற்ற அலுவலகமே ஐந்து நாள்களுக்குள் அதை உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். எங்களுடையதன்று என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்ப முடியாது. பிரிவு 2(j) பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அளவுப் புத்தக நகலைக் கேளுங்கள். கடைசியாக எப்போது, எத்தனை மீட்டருக்கு, எவ்வளவு கனத்தில் தார் போட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது என்பது அதில் இருக்கும்.

தாரும்ஜல்லியும்:

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது முடிவதற்கு முன் மனு கொடுத்தால், ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய வைப்புத் தொகையைப் பிடிக்கலாம். பெரும்பாலான புகார்கள் அந்தத் தேதி கடந்த பிறகே வருகின்றன. எங்களில் பலர் அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் யாரும் வைத்திருப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. மனுவில் நான்கு செய்திகளைக் கேட்க எண்ணியிருக்கிறேன்: பாலத்திலிருந்து ஊர் எல்லை வரையான பகுதி எந்தப் பதிவேட்டில் உள்ளது, தரம் உயர்த்தும் கருத்துரு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, கருத்துரு நிலுவையில் உள்ள காலத்தில் பராமரிப்பு செய்யக் கூடாது என்று அரசாணை ஏதும் உண்டா, கடைசிப் பணியின் அளவுப் புத்தக நகல். மூன்றாவது கேள்விக்குத்தான் எழுத்தில் பதில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். மனுவை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புவதா, நெடுஞ்சாலைக் கோட்ட அலுவலகத்துக்கா?

சட்டப்பார்வை:

ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். வந்த பதிலை இங்கே பதிவிடுங்கள்.